மேல்வரிசைத் திருகாணிகள்

"டேய், டிவி கொஞ்சம் முன்னால வந்திருக்கிற மாதிரி இருக்கு. எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்று அக்கா போனில் கேட்டாள். ஒட்டடை அடிக்கும்போது கண்ணில் பட்டதாம். சென்னைக்குத் தெற்கே புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 7-வது மாடி வீடு. டிவி மாட்டி 4 மாதம்தான் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். சுவரோடு திருகியிருந்த இரும்புத் தகட்டின் மேல் விளிம்பில், சட்டைப்பையில் கிடந்த ஒரு விசிட்டிங் கார்டை வைத்துத் தள்ளினேன். தடையே இல்லாமல் பாதிவரை இறங்கியது. கீழ் விளிம்பில் அதே கார்டின் மூலைகூட நுழையவில்லை. அங்கே தகடு பூச்சை அழுத்தி, நகம் பதிந்தாற்போல ஒரு கோடு விழுந்திருந்தது. மாட்டிய அன்று தகட்டைச் சுற்றிப் போட்ட பென்சில் அடையாளம் அழியாமல் இருந்தது. அதை ஒட்டிப் பார்த்தால் தகடு கீழே ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. மேல் பகுதி மட்டும் சுவரைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

மாட்டிய நாளில் நானும் அங்கே இருந்தேன். மாட்ட வந்த இளைஞர் தகட்டைத் திருகி முடித்ததும், அதன் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கிக் காட்டினார். "அறுபது கிலோ சார் நான். டிவி வெறும் பதினாறு கிலோ." வீட்டில் எல்லாருக்கும் திருப்தி. அந்தச் சோதனை தவறான திசையில் நடக்கிறது என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. அவர் கீழ்நோக்கி இழுத்தார். டிவியோ அன்று முதல் தினமும் முன்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டிய பொருள் கீழே விழுந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம். ஆனால் அது விழுவதற்கு வெகு நாள் முன்பே சாயத் தொடங்கிவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்தச் சாய்வைப் பற்றியது.

கீழ்நோக்கிய எடையை முதலில் பேசி முடித்துவிடலாம், அதில் பயப்பட அதிகம் இல்லை. 16 கிலோ டிவி, 4 திருகாணி. ஒவ்வொன்றின் பங்கு 4 கிலோ. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் திருகாணியைக் குறுக்கே வெட்டிப்போட வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிலோ எடையை அதன்மேல் ஏற்ற வேண்டும். திருகாணிக்கு அடியில் இருக்கும் சுவரும் அந்த 4 கிலோவைச் சிரமமில்லாமல் சுமக்கும். இந்தத் திசையில் 60 கிலோ இளைஞர் என்ன, அவரோடு இன்னொருவர் தொங்கினாலும் தகடு அசையாது.

முன்னோக்கிய இழுப்பு வேறு கணக்கு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் இடுக்கி நடப்பவரைப் பாருங்கள். குடம் உடம்போடு ஒட்டியிருக்கும்வரை தெருமுனைக் குழாயிலிருந்து வீடுவரை நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னால் அரை நிமிடம் தாங்காது. எடை மாறவில்லை, உடம்பிலிருந்து அது நிற்கும் தூரம்தான் மாறியது. எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவதை இயற்பியலில் திருப்புத்திறன் என்கிறோம். நீட்டிய கையில் அந்தத் திருப்புத்திறனைத் தோள்பட்டைத் தசை ஈடுகட்டுகிறது. சுவரில் அந்தத் தசையின் வேலையைச் செய்பவை மேல்வரிசைத் திருகாணிகள்.

அக்கா வீட்டுத் தகட்டையே எடுத்துக்கொள்வோம். கீழ் விளிம்பு சுவரில் ஊன்றியிருக்கிறது. அங்கிருந்து மேல்வரிசைத் திருகாணிகள் 20 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளன. டிவி சுவரை ஒட்டித் தட்டையாக இருந்தால் அதன் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். 16-ஐ 5-ஆல் பெருக்கினால் 80. அதை 20-ஆல் வகுத்தால் 4. ஆக, மேலே இருக்கும் 2 திருகாணிகளும் சேர்ந்து 4 கிலோ இழுப்பைத் தாங்கினால் போதும், ஆளுக்கு 2 கிலோ.

ஆனால் அக்கா வாங்கியது தட்டையாக மாட்டும் வகை இல்லை. முழங்கை மடிப்பது போல மடிந்து நீளும் இரும்புக் கை வைத்த வகை. சமையலறையில் நின்றபடி சீரியல் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அதைக் கேட்டு வாங்கினாள். சாயங்காலம் 6 மணிக்கு டிவியை வெளியே இழுத்துச் சமையலறைப் பக்கம் திருப்பினால், இரவுச் சாப்பாடு முடிகிறவரை அது நீண்டபடியே நிற்கும். முழுதாக நீட்டினால் 50 சென்டிமீட்டர். 16-ஐ 50-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்துப் பாருங்கள்: 40 கிலோ. இரும்புக் கையின் எடையை இதில் சேர்க்கவே இல்லை. அதே டிவி, அதே திருகாணி, இழுப்பு மட்டும் 10 மடங்கு. நீட்டிய நிலையில் 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை எட்டித் தொங்கினால் 80 கிலோவை நெருங்கிவிடும். டிவியை ஒரு பக்கமாகத் திருப்பும்போது இந்தச் சுமை 2 திருகாணிக்கும் சமமாகப் போவதும் இல்லை, ஒன்றின் தலையில்தான் அதிகம் விழும்.

குழாய் டிவி காலத்தில் டீக்கடைக்காரர்கள் இதே சிக்கலை வெல்டிங் பட்டறையில் தீர்த்து வைத்திருந்தார்கள். 21 அங்குலப் பெட்டி 20 கிலோவை எட்டும். பின்பக்கம் கண்ணாடிக் குழாய் நீண்டிருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து ஒரு சாண் தாண்டி நிற்கும். அதை உயரத்தில் வைப்பதற்கு இரும்பு ஆங்கிளில் முக்கோணமாக ஒரு ஸ்டாண்டு அடிப்பார்கள். சுவரோடு ஒட்டும் கால் முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும், குறுக்கே ஒரு சாய்வு ஆங்கிள். அந்த நீளம் சும்மா போட்டதில்லை. கால் எவ்வளவு நீளமோ, மேலே இருக்கும் போல்ட்டில் இழுப்பு அவ்வளவு குறையும். 20 கிலோவும் 25 சென்டிமீட்டரும் சேர்ந்து உண்டாக்கும் திருப்புத்திறனை 50 சென்டிமீட்டர் கால் 10 கிலோ இழுப்பாகச் சுருக்கிவிடும். கால் 20 சென்டிமீட்டராக இருந்திருந்தால் 25 கிலோ. இந்த முக்கோணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அக்கா வீட்டைக் காப்பாற்றியது இதுதான்.

சுவரில் படம்போல மாட்டும் டிவி என்ற ஆசைக்கு வயது அதிகம். 1964-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் மூவரும் பிளாஸ்மா திரையைச் செய்துகாட்டினார்கள். 1968-இல் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மயரின் குழு திரவப் படிகத் திரையை உலகுக்கு அறிவித்தது. அந்த ஆர்சிஏ ஆய்வுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் டிவி என்ற கனவு இருந்தது. கனவு கூடத்துச் சுவருக்கு வந்து சேர 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு 2006-இல் வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகூடக் குழாய்ப் பெட்டிதான், அலமாரியிலோ மேசையிலோ அமர்ந்திருந்தது. பின்னால் நீண்ட குழாய் போன பிறகுதான் டிவி சுவரை ஒட்ட முடிந்தது. அப்படி ஒல்லியாக்கிக் கிடைத்த ஆதாயத்தை நீளும் இரும்புக் கை ஒரே இழுப்பில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்பது என் ஆதங்கம்.

சரி, அந்த இழுப்பை எதிர்த்துத் திருகாணியைச் சுவருக்குள் பிடித்துவைத்திருப்பது எது?

மரத்தில் இறங்கும் திருகாணி நாரை விலக்கிக்கொண்டு தனக்கு வழி வெட்டிக்கொள்ளும். விலகிய நார் திரும்ப நெருங்கி வந்து அதைக் கவ்வும். செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் அந்தக் குணம் கிடையாது. அவை நொறுங்கும், நெருங்கி வராது. அதனால்தான் பழைய வீடுகளில் சுவரை உளியால் கொத்தி, மரக்கட்டை ஒன்றை அடித்து இறக்கி, சுற்றிலும் சிமெண்டு பூசி, அந்தக் கட்டையில் திருகாணியை ஏற்றினார்கள். தேக்குச் சட்டங்களின் மேல் ஒயர் ஓடிய காலத்தில் எலக்ட்ரீஷியன்கள் ஒவ்வொரு வீட்டிலும் இப்படிப் பல டஜன் கட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து ஊதி, கோடையில் காய்ந்து சுருங்கி, சில ஆண்டுகளில் கட்டை ஆட்டம் காணும். கரையான் வந்தால் அதற்கும் முன்பே. முன்னோர் படங்களைக் கொஞ்சம் முன்சாய்வாக மாட்டும் வழக்கத்தில் இந்தக் கவலை இல்லை. படத்தின் கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ளும், எடை குறைவு, மேல்நோக்கிச் சாய்த்து அடித்த ஒரு ஆணி போதும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவருக்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாதனங்கள் பொருத்தும் வேலை வந்தது. சுவரைக் கொத்திப் பாழாக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1911-இல் அவர் ஒரு சிறிய குழலை உருவாக்கினார். சணல் நாரைப் பசையோ விலங்கு இரத்தமோ விட்டுக் கெட்டிப்படுத்திச் செய்த குழல். சின்னத் துளை போட்டு அதைச் சொருகி, உள்ளே திருகாணியை முடுக்கினால் நார் விரிந்து துளையின் சுவரை நெருக்கும். அந்தக் குழலுக்கு அவர் பெயரின் முன்பாதியே பெயராகிவிட்டது. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் "ரால் பிளக் ஒரு பாக்கெட் கொடுங்க" என்று கேட்கிறோமே, அந்த ரால் இந்த ராலிங்ஸ்தான்.

சணலின் இடத்துக்கு நைலானைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் டும்லிங்கன் என்ற சிற்றூரில் பிறந்த ஆர்தர் ஃபிஷர். 1958-இல் அவர் செய்த சாம்பல் நிற பிளக்கை ஒருமுறை கையில் வாங்கி உருட்டிப் பாருங்கள். நுனியிலிருந்து பாதிவரை இரண்டாகப் பிளந்திருக்கும். பிளவின் இருபுறமும் பல் பல்லாக வெட்டு. பக்கத்தில் மீன் செதிள் தூக்கினாற்போல 2 சின்ன நாக்குகள் இருக்கும். திருகாணி உள்ளே போகப்போக பிளவு அகலும், பற்கள் துளையின் சுவரில் கடிக்கும், திருகாணியோடு சேர்ந்து பிளக்கும் சுழன்றுவிடாமல் நாக்குகள் தடுக்கும். விரல்நீளப் பொருளில் இவ்வளவு யோசனை. ஃபிஷர் தன் வாழ்நாளில் 1,100-க்கும் அதிகமான காப்புரிமைகளைப் பெற்றவர். அத்தனையிலும் உலகத்தின் சுவர்களுக்குள் அதிகம் புகுந்திருப்பது இந்தச் சாம்பல் நிறத் துண்டுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கவ்வலுக்குப் பெயர் உராய்வு. உராய்வு எதைப் பொறுத்தது என்பதை 1699-இல் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் கீயோம் அமோந்தோன் எடுத்துச்சொன்னார்: இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றனவோ, அதற்கேற்ப உராய்வு கூடும். ஆக, பிளக் துளையின் சுவரை நெருக்கும் வரைதான் திருகாணிக்குப் பிடி உண்டு. 8 மில்லிமீட்டர் பிளக்குக்கு 8 மில்லிமீட்டர் பிட்டால் துளை போட்டாலும், டிரில்லிங் மெஷினைப் பிடித்த கை ஆடினால் துளை 9 ஆகிவிடும். நெருக்க ஆளில்லை, பிளக் சும்மா சுழலும். அப்போது நம்மில் பலர் செய்வது 2 தீக்குச்சியை உள்ளே சொருகுவது. காலண்டருக்கு அது போதும். டிவிக்குத் தீக்குச்சி சொருகியவர் தெரிந்தோ தெரியாமலோ மரக்கட்டைக் காலத்துக்கே திரும்பிப் போகிறார். துளைக்குள் தங்கிய தூசியும் இதே கெடுதலைச் செய்யும். பிளக் சுவரைக் கடிப்பதற்குப் பதிலாக மாவைக் கடித்துக்கொண்டிருக்கும். துளை போட்டதும் ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதுகிற அரை நிமிட வேலையைப் பெரும்பாலானோர் தவிர்ப்பது எனக்கு இன்றும் புரியாத ஒன்று.

பிளக் எந்தப் பிளாஸ்டிக் என்பதும் முக்கியம். தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இளகி இடம் கொடுக்கும். கொடியில் நிரந்தரமாகத் துணி தொங்கவிட்டால் நைலான் கயிறும் தொய்கிறது அல்லவா, அதே குணம். தரமான நைலானில் இது கொஞ்சம். உடைசல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவான பிளக்கில் நிறைய, மேற்கு வெயில் அடிக்கும் சுவராக இருந்தால் இன்னும் நிறைய. மாட்டிய அன்று கல்போல நின்ற டிவி 4 மாதம் கழித்து முன்னால் வருவதற்கு இது ஒரு காரணம்.

அக்கா வீட்டில் அதைவிடப் பெரிய காரணம் சுவருக்குள் இருந்தது.

தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். 30 வருடமாகச் சுவரில் ஓட்டை போடுகிறவர். டிவியை நாங்கள் இருவரும் கழற்றித் தரையில் மெத்தைமேல் சாய்த்து வைத்தோம். அவர் தகட்டின் மேல் விளிம்பைப் பிடித்தார். கீழே இழுக்கவில்லை. தன் நெஞ்சுப் பக்கமாக, நேராக இழுத்தார். இடது பக்கத் திருகாணி பிளக்கோடு சேர்ந்து ஒரு விரல்கடை வெளியே வந்தது. சத்தமே இல்லை. துளையிலிருந்து வெள்ளையாக, மைதா போல, பொடி கொட்டியது.

"சார், இது செங்கல் இல்ல, ஏஏசி பிளாக்கு. செங்கல்லுக்குப் போடுற பிளக்க இதுல போட்டிருக்காங்க."

"அண்ணே, ஓட்டை போடும்போதே தெரிஞ்சிருக்காதா?"

"பொடியப் பாத்தாத் தெரியுமே. யாரு பாக்குறா?"

உண்மையில் சுவர் தன்னை மறைப்பதே இல்லை. டிரில்லிங் பிட் முதலில் பூச்சைத் தாண்டும், அதுவரை எல்லாச் சுவரிலும் சிமெண்டின் சாம்பல் நிறம்தான் வரும். அதன் பிறகு வருவதுதான் செய்தி. செம்பொடி வந்தால் செங்கல். சாம்பல் பொடியே தொடர்ந்து, பிட் கத்திக்கொண்டு இம்மி இம்மியாக இறங்கினால் கான்கிரீட் தூணோ பீமோ. நன்றாக இறங்கிக்கொண்டிருந்த பிட் ஒரு அங்குலம் போனதும் வெற்றிடத்தில் பாய்ந்தால் ஹாலோ பிளாக், அங்கே சாதா பிளக்குக்குக் கவ்வ ஒன்றுமே கிடையாது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பொடி மெத்தென்று மங்கிய வெள்ளையாக வரும். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கி, நல்ல வெள்ளையில் மாவு கொட்டினால் ஏஏசி. துளை போடும் முன்பே கைமுட்டியால் தட்டிப் பார்ப்பதும் நல்லது. பூச்சு சுவரைவிட்டு விலகியிருந்தால் பொக்கென்று ஒலிக்கும். அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

ஏஏசி கல்லைப் பழிக்க நான் வரவில்லை. அது அருமையான பொருள். சுவீடனைச் சேர்ந்த யோஹன் ஆக்சல் எரிக்சன் 1924-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்பும் சிமெண்டும் மணலோ நிலக்கரிச் சாம்பலோ சேர்ந்த குழம்பில் சிட்டிகை அளவு அலுமினியப் பொடி போடுவார்கள். அலுமினியம் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிகளை விடும். ஆப்ப மாவு புளித்துப் பொங்குவது போலக் குழம்பு பொங்கும். பிறகு அறுத்து, அழுத்தமான நீராவியில் வேகவைப்பார்கள். ஹைட்ரஜன் போய்விடும், குமிழிகளின் கூடு தங்கிவிடும். ஒரு கன மீட்டர் சுமார் 600 கிலோ. தண்ணீரில் போட்டால் மிதக்கிற அளவுக்கு லேசு. வெப்பத்தைச் சட்டென்று உள்ளே விடாது, மாடி மாடியாகக் கட்டும்போது தூண்கள்மேல் சுமையைக் குறைக்கிறது. அதனால்தான் புதிய அடுக்குமாடிகளில் எங்கும் அதுவே நிற்கிறது.

ஆனால் கைரம்பத்தால் அறுத்துவிடக்கூடிய கல் அது. குமிழிகளுக்கு நடுவே இருக்கும் சுவர்கள் மெல்லியவை. சாதா பிளக் அதற்குள் விரியும்போது அந்தச் சுவர்கள் எதிர்த்து நிற்காமல் நொறுங்கிவிடும். நெருக்கம் இல்லாத இடத்தில் அமோந்தோன் சொன்ன உராய்வும் இல்லை. மாட்ட வந்தவர் மெஷினைச் சுத்தியல் அடியும் சேரும்படி வைத்துத் துளைத்திருந்தார் என்பதைத் துளையின் வாய் காட்டிக்கொடுத்தது. 8 மில்லிமீட்டராக இருக்க வேண்டியது ஓரம் பிய்ந்து, சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்கு விரிந்திருந்தது. கான்கிரீட்டை உடைப்பதற்கு அந்த அடி தேவை. ஏஏசியில் அடி கூடாது, சுழற்சி மட்டும் போதும், பிட்டையும் ஒரு அளவு சின்னதாக எடுக்கலாம்.

வெளியே வந்த பிளக்கை அளந்தேன். 40 மில்லிமீட்டர். அதில் முன்பகுதி 15 மில்லிமீட்டர் வெறும் பூச்சுக்குள் இருந்திருக்கிறது. பூச்சு சுவரின் சட்டை. சட்டையைப் பிடித்து ஆளைத் தூக்க முடியாது. உண்மையான சுவருக்குள் போயிருந்தது 25 மில்லிமீட்டர்தான். ஆழம் என்பது திருகாணி உலகில் வட்டிக்கு வட்டி போடும் சங்கதி. கான்கிரீட்டில் பதித்த ஆங்கர் போல்ட் ஒன்றை இழுத்துப் பிய்த்தால் அது தனியாக வராது. புனலைக் கவிழ்த்தாற்போல ஒரு கூம்பைப் பெயர்த்துக்கொண்டு வரும். ஆழம் கூடக்கூட அந்தக் கூம்பின் வாய் அகலும். ஆழத்தை இரட்டித்தால் தாங்கும் இழுப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகும் என்று கட்டுமானப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். சுவரின் ஓரத்துக்கோ இன்னொரு துளைக்கோ மிக அருகில் திருகாணி போடக் கூடாது என்பதும் இதனால்தான். கூம்பு விரிய இடம் இருக்காது.

"பேசாம ஸ்டாண்டு வச்சு மேசை மேலயே நிப்பாட்டிடலாமாடா?" என்று அக்கா கேட்டாள். அவள் பேத்தி அப்போது சோபாவின் முதுகில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள், வயது 4.

அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த டிவியின் காலுக்கு முன்பின் நீளம் 25 சென்டிமீட்டர். ஈர்ப்பு மையம் நடுவில், அதாவது முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் பின்னால். டிவியின் உயரம் 70 சென்டிமீட்டர். மேல் விளிம்பை முன்னால் இழுத்துக் கவிழ்க்க எவ்வளவு விசை வேண்டும்? 16-ஐ 12-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 3 கிலோவுக்கும் குறைவு. பேத்தி ஒரு கையால் செய்துவிடுவாள். மேசையில் நிற்கும் ஒல்லி டிவி, ஒழுங்காக மாட்டிய சுவர் டிவியைவிட ஆபத்தானது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2015 முதல் "ஆங்கர் இட்" என்ற பெயரில் ஒரு பிரசாரமே நடத்துகிறது: அலமாரியையும் டிவியையும் சுவரோடு கட்டிவையுங்கள், குழந்தைகள்மேல் கவிழ்கின்றன என்று. மேசையில்தான் வைப்பேன் என்பவர்கள் டிவியின் முதுகிலிருந்து ஒரு பட்டையை எடுத்துச் சுவரில் கட்டாயம் கட்டிவிட வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

தட்டையாக மாட்டும் தகடு வாங்கிக்கொள், இரும்புக் கை வேண்டாம் என்றுதான் நான் அக்காவிடம் முதலில் சொன்னேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவள் தனக்காகக் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அது. அண்ணன்தான் பலகை யோசனையைச் சொன்னார். டீக்கடை ஸ்டாண்டின் நீண்ட கால் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை, அகலம் 80, உயரம் 60 சென்டிமீட்டராக வெட்டி வாங்கினோம். மேல் ஓரத்தில் 4 துளை, நடுவிலும் கீழுமாக 6. கீழ் விளிம்பிலிருந்து மேல்வரிசை 55 சென்டிமீட்டர் உயரத்தில் வந்தது. இரும்புத் தகட்டைப் பலகையின் நடுவில் வைத்து, பின்பக்கம் நட் பதித்து போல்ட் போட்டு இறுக்கினோம். பலகையின் தடிமனையும் சேர்த்து 52 சென்டிமீட்டர் என்று வைத்தால், டிவியை முழுதாக நீட்டினாலும் 16-ஐ 52-ஆல் பெருக்கி 55-ஆல் வகுத்து 15 கிலோதான் மேல்வரிசைக்கு. அதை 4 பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 4 கிலோகூட இல்லை. முன்பு இருந்தது தலைக்கு 20. பேத்தி தொங்கினாலும், தொங்கவிடக் கூடாது, தொங்கினாலும் 8 கிலோவைத் தாண்டாது.

துளை போடும் முன் அண்ணன் சுவிட்ச் பெட்டிகளைப் பார்த்தார். சுவருக்குள் ஒயர்க்குழாய் பெரும்பாலும் பெட்டிக்கு நேர் மேலேயோ கீழேயோதான் ஓடும். அந்த நேர்கோட்டில் துளை வராதபடி பலகையை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினோம்.

கீழ் 6 துளைக்கும் ஏஏசிக்கென்றே வரும் நீளமான நைலான் பிளக், வெளிப்பக்கம் திருகுபோல மரை ஓடுவது. அது விரிந்து நெருக்குவதைவிடக் கல்லுக்குள் வழி வெட்டிக்கொண்டு உட்காரும். மேல்வரிசை 4-க்கு மட்டும் கெமிக்கல் ஆங்கர் போடலாம் என்று முடிவு செய்தோம். இரட்டைக் குழல் துப்பாக்கியில் பிசினும் கெட்டிப்படுத்தும் மருந்தும் தனித்தனியாக இருக்கும், மூக்கு வழியாக வரும்போது கலந்துகொள்ளும். துளையை 3 முறை ஊதி, 3 முறை பிரஷ் விட்டு, ஆழத்திலிருந்து பின்வாங்கிக்கொண்டே பிசினை நிரப்பி, மரை வெட்டிய கம்பியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே இறக்கினார். பிசின் யாரையும் நெருக்குவதில்லை. உடைந்து திறந்த குமிழிகளுக்குள் புகுந்து, அங்கேயே கெட்டியாகி, கல்லோடு கல்லாகிவிடும். ஏஏசியின் பலவீனம் எதுவோ அதையே பிடிமானமாக்கிக்கொள்கிற வழி இது. விரலை அருகில் வைத்தால் லேசாகச் சூடு தெரிந்தது. பிசின் இறுகும்போது வெளிவிடும் வெப்பம் அது.

"இன்னிக்கு மாட்ட வேணாம் சார். ராத்திரி முழுக்கக் காயட்டும்."

அன்றிரவு அக்கா சீரியலைப் போனில் பார்த்தாள். மறுநாள் காலை பலகையை ஏற்றி நட்டுகளை இறுக்கியதும், அண்ணன் அதன் மேல் விளிம்பில் கைவைத்து நேராகத் தன்னை நோக்கி இழுத்தார். அவர் செருப்பு தரையில் வழுக்கியது. பலகை அசையவில்லை. டிவியின் முதுகில் 4 துளைகளும் 400-க்கு 400 மில்லிமீட்டர் சதுரத்தில் இருந்தன. எந்த நிறுவனத்தின் டிவியானாலும் எந்த நிறுவனத்தின் தகட்டிலும் பொருந்தும்படி வீசா என்ற தரநிலை அமைப்பு வகுத்த அளவுகளில் அதுவும் ஒன்று. அந்தப் பகுதி எப்போதும் சுலபம். தூக்கி மாட்ட 10 நிமிடம்.

போகும்போது அண்ணன் அக்காவிடம், "ஒரு மாசம் கழிச்சு மேல ஒரு பேப்பர் நுழையுதான்னு பாருங்கம்மா. நுழைஞ்சா அன்னிக்கே கூப்பிடுங்க" என்றார். சாயங்காலம் 6 மணிக்கு அக்கா டிவியை முழுதாக வெளியே இழுத்துச் சமையலறைப் பக்கம் திருப்பிவிட்டு, வெங்காயம் அரியப் போனாள். நான் அந்த விசிட்டிங் கார்டைப் பலகையின் மேல் விளிம்பில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். மூலை மடங்கியது. கார்டை நிமிர்த்தி, அடுத்த மாதத்துக்கு எடுக்க வாட்டமாக, ஷோகேஸின் மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.